முக்காட்டை விலக்கச் சொன்ன கேமரா

மத வழக்கப்படி தலையை மூடிக்கொண்டே பாஸ்போர்ட் படம் எடுக்கலாம். தாடை முதல் நெற்றி வரை முகம் தெரிந்தால் போதும் என்பது இன்றைய விதி. 1960இன் அல்ஜீரியாவைப் படித்த பிறகு, இது சின்ன விஷயம் என்று நம்மால் கடந்துபோக முடியவில்லை.

விடுதலைப் போர் நடந்த காலம். போராளிகளுக்குச் சோறும் ஒதுங்க இடமும் கிடைக்காதபடி, பிரெஞ்சு ராணுவம் கிராமங்களைக் காலிசெய்து மக்களை முகாம்களில் அடைத்தது. அடைத்தவர்களைக் கண்காணிக்க அடையாள அட்டை, அட்டைக்குப் படம். கட்டாய ராணுவ சேவையில் இருந்த மார்க் கரான்ஷே என்ற இளைஞரிடம் அந்த வேலை வந்தது. பத்து நாளில் சுமார் 2,000 பேர், பெரும்பாலும் பெண்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு முக்காலி. முக்காட்டை எடுக்க வேண்டும் என்பது மேலதிகாரியின் உத்தரவு.

மறுக்க வழியில்லை. ஆனால் படங்களைப் பாருங்கள் தோழர்களே: பல பெண்கள் கேமராவை நேருக்கு நேர் முறைக்கிறார்கள். அட்டைக்காக எடுத்த படமே எதிர்ப்பின் சாட்சியாகிவிட்டது.

இதற்கு இரண்டு வருடம் முன்பு, 1958 மே மாதம், அல்ஜியர்ஸில் பொதுமேடையில் முக்காடு அகற்றும் நிகழ்ச்சி நடந்தது. அதற்குப் பெண் விடுதலை என்று பெயர்! முக்காட்டை நாம் புனிதமாக்கவில்லை. பெண்ணின் உடல்மேல் மதம் போடும் கட்டும் நமக்குத் தெரியும். அந்தக் கட்டை அவிழ்க்கும் உரிமை ராணுவத்துக்கு யார் கொடுத்தது?

2004இல் கரான்ஷே அந்தப் பெண்களைத் தேடித் திரும்பிப் போனார். பலருக்கும் தங்களுடையது என்று சொல்ல இருந்த ஒரே படம் அதுதான்.