ஹைபேஷியாவை யார் கொன்றது?

2009இல் அலெஹான்ட்ரோ அமெனாபார் எடுத்த 'அகோரா' படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவோடதான் எழும்புகிறார்கள்: மதம் விஞ்ஞானத்தைக் கொண்டுபோட்டுது. கதை அவ்வளவு நேரானதில்லை.

ஹைபேஷியா அலெக்சாந்திரியாவில் கணிதமும் தத்துவமும் படிப்பித்தவர். அவரிட்ட படித்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். மாணவர் சினேசியஸ் பிறகு தொலெமாயிஸ் நகரின் ஆயராகவே வந்தவர். ஹைபேஷியாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்றில், தனக்கொரு நீர்மானி செய்விச்சுத் தரச்சொல்லிக் கேட்கிறார். படத்திலோ இதே மனுசன் அவரை ஞானஸ்நானம் பெறச்சொல்லி நெருக்குகிறார்!

415 மார்ச்சில் நடந்த கொலையின் வேர் அதிகாரப் போட்டி. 412இல் ஆயரான சிரிலுக்கும் ரோம ஆளுநர் ஒறெஸ்டிஸுக்கும் இடையில் நகரம் யாருடைய கையில் எண்ட இழுபறி. ஒறெஸ்டிஸும் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்தான். இரண்டுபேரும் சமாதானமாக விடாமல் ஹைபேஷியாதான் தடுக்கிறா எண்டு கதை பரவியது. கும்பலொன்று அவரை வண்டியிலிருந்து இழுத்து, தேவாலயத்துக்குள் கொண்டுபோய், ஓட்டுத்துண்டுகளால் கொன்று, உடலை எரித்தது. இதைக் கண்டித்து எழுதிய சோக்கிரட்டீஸும் (அந்தத் தத்துவஞானி இல்லை, இவர் வேறை ஆள்) ஒரு கிறிஸ்தவ வரலாற்றாசிரியர்.

படத்தில் சாகுமுன் அவர் நீள்வட்டப் பாதையைக் கண்டுபிடிக்கிறார். அதுக்கு ஆதாரம் ஒண்டும் இல்லை. கெப்ளர் அதை வெளியிட்டது 1609இல். பெரிய கண்டுபிடிப்பொன்றைக் கையில் குடுத்தால்தான் அவருடைய சாவு நமக்கு இழப்பாய்த் தெரியுமாக்கும். அவர் உண்மையில் செய்தது பொறுமையான வேலை. தொலமியின் வானியல் நூலுக்குத் தகப்பன் தியோன் எழுதிய உரையில், மூன்றாம் புத்தகத்தின் தலைப்பிலேயே, மகள் செப்பனிட்டது என்ற குறிப்பு இருக்கிறது.