எட்டு வார ஊர்

பிலிப் ராத்தின் கடைசி நாவலான ‘நெமிஸிஸ்’ (2010) என் கைக்கு வந்தது ஒரு மார்ச் மாதக் கடைசியில். வங்கிக் குமாஸ்தாவுக்கு நாவல் படிக்க அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. வருடக் கணக்கு முடித்துவிட்டு ராத்திரி கடைசி பஸ்ஸில் வரும்போது பத்துப் பத்துப் பக்கமாகப் படித்தேன். 1944 கோடை, நியூவார்க் நகரின் யூதப் பகுதியில் போலியோ. மைதானத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித்தரும் பக்கி கேண்டர் என்ற இளைஞன், பென்ஸில்வேனியா மலைமீதிருக்கும் ஒரு கோடை முகாமுக்குப் போய்விடுகிறான். நோய் அங்கும் வருகிறது. தானேதான் அதைச் சுமந்து வந்தவன் என்று முடிவு செய்து மீதி ஆயுளைப் பாழாக்கிக்கொள்கிறான்.

நண்பர்கள் இந்த நாவலைக் கடவுள், விதி, குற்றவுணர்வு என்று பேசினார்கள். எனக்குள் தங்கியது வேறொன்று. அந்த முகாமில் ஒரு ராத்திரி யூதச் சிறுவர்கள் சிவப்பிந்திய வேஷம் கட்டித் தீயைச் சுற்றி உட்காருகிறார்கள். ஐரோப்பாவில் இருக்கவிடாமல் துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், சொந்த நிலத்தில் இருக்கவிடாமல் துரத்தப்பட்ட இன்னொரு ஜனத்தின் வேஷத்தில், அமெரிக்கர்களாகிக்கொண்டிருக்கிறார்கள். ராத்தின் கற்பனை என்று நினைத்தேன். இல்லை, சரித்திரம். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக இந்த முகாம்களின் கதையையும், அங்கே பால்யத்தைக் கழித்தவர்கள் எழுதிய நினைவுகளையும் தேடிப் படித்துவருகிறேன். நான் யூதனும் அல்ல, அமெரிக்காவைப் பார்த்தவனும் அல்ல. பால்யம் பற்றிய நம் எழுத்துகளின்மேல் எனக்கு வெகுநாளாகவே ஒரு சந்தேகம் உண்டு. ஆற்றங்கரையும் பாட்டியும் இலுப்பை மரமும் தாமாக நினைவில் ஊறியவை என்று சொல்லிக்கொள்கிறோம். நினைவையே முன்கூட்டித் திட்டம் போட்டுத் தயாரித்த ஓர் இடத்தைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

இந்த ஏற்பாடு யூதர்கள் கண்டுபிடித்ததல்ல. 1880களில் நியூ இங்கிலாந்துப் பக்கத்து வசதியான புராட்டஸ்டண்ட் குடும்பங்கள் தொடங்கியது. நகரத்து வாழ்க்கையில் பையன்கள் நோஞ்சானாகிறார்கள், ஆண்மை குன்றுகிறது என்று கவலை. காட்டில் கூடாரம் அடித்தால் சரியாகிவிடும் என்று நம்பிக்கை. 1902ல் எர்னஸ்ட் தாம்ஸன் ஸீட்டன் தம் சிறுவர் இயக்கத்தைத் தொடங்கி, இந்த நம்பிக்கைக்குச் சிவப்பிந்திய வேஷத்தைப் போட்டுவிட்டார். அதே 1902ல் நியூயார்க்கின் நெருக்கடி மிகுந்த குடியிருப்புகளிலிருந்து ஏழை யூதப் பையன்களை அழைத்துப்போய் கோல்ட் ஸ்பிரிங் என்ற இடத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார்கள். ஸர்ப்ரைஸ் லேக் என்று அதற்குப் பெயர். வந்தேறிகளின் பிள்ளைகளுக்கு நல்ல காற்று வேண்டும், உடம்பு தேறவேண்டும், இங்கிலீஷும் நடத்தையும் திருந்தவேண்டும் என்பது தர்மவான்களின் எண்ணம். காற்றைப் பற்றிய கவலை வெறும் பேச்சல்ல. 1916 போலியோவில் நியூயார்க் நகரத்தில் மட்டும் 2,000 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள்.

சுவாரஸ்யம் 1923ல் ஆரம்பிக்கிறது. அந்த வருடம் யித்திஷ் மொழிக்காரர்கள் இரண்டு முகாம்களைத் தொடங்கினார்கள். ஒன்று ரைன்பெக் ஊரில் நிலைகொண்ட பாய்பெரிக். இந்தப் பெயரைக் கவனிக்கவேண்டும். ஷோலம் அலைகெமின் தெவ்யே கதைகளில் வரும் கோடை வாசஸ்தலம் அது. பணக்கார யூதர்கள் கோடைக்கு வந்து தங்கும் இடம். பால்காரன் தெவ்யே வண்டியில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கொண்டுபோய் விற்கும் இடம். வண்டிக்காரனின் வாரிசுகள் அமெரிக்காவில் ஒரு ஏரிக்கரையை வாங்கி, தங்கள் பாட்டன் வாசற்படியில் நின்ற வீட்டின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஒரு சிறுகதைக்காரன் உண்டாக்கிய ஊருக்குக் குழந்தைகள் ரயிலேறிப் போனார்கள். இலக்கியத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை எதுவும் எனக்குத் தெரியவில்லை. நம்மில் யாரும் மௌனியின் பெயரில் ஒரு டீக்கடைகூட வைத்ததில்லை.

லைபுஷ் லேரர் என்ற கல்வியாளர், கவிஞரும்கூட, ஏறத்தாழ நாற்பது வருடம் அதை நடத்தினார். கடவுளைக் கட்டாயப்படுத்தாமல் சடங்கை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தவர் அவர். வெள்ளி மாலை வெள்ளை உடுப்பு, பாட்டு, மெழுகுவர்த்தி. கோடை முடிவில் ஒவ்வொரு குழுவும் ஒரு தேசத்தின் உடையில் ஆடிப்பாடும் ஜனங்களின் திருவிழா.

இன்னொன்று கிண்டர்லாண்ட். தொழிலாளர்களின் முகாம், இடதுசாரி. ஸில்வன் என்ற ஏரியின் கரையில் இருந்தது. இயக்கம் கம்யூனிஸ்டுகள், சோஷலிஸ்டுகள் என்று பிளந்தபோது முகாம் கம்யூனிஸ்டுகள் பக்கம் போயிற்று. தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. 1927ல் அதே ஏரியின் எதிர்க்கரையில் கிண்டர் ரிங் என்று போட்டி முகாம் வைத்தார்கள். ஒரே மொழி, ஒரே பாட்டுகளில் பாதி, ஒரே தண்ணீர், நடுவில் மாஸ்கோ. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1955ல் நியூயார்க் சட்டசபைக் கமிட்டி ஒன்று கிண்டர்லாண்டைக் குடைந்தெடுத்தது. முகாம் தாக்குப்பிடித்தது, இடம் மாறி இன்றும் நடக்கிறது.

1941ல் வந்த மஸாத் எதிர்த்திசைக்காரர்களுடையது. யித்திஷ் அல்ல, ஹீப்ரு. காலையிலிருந்து ராத்திரி வரை ஹீப்ரு மட்டும். பேஸ்பால் ஆடாத அமெரிக்கச் சிறுவன் கிடையாது, ஹீப்ருவிலோ பேஸ்பாலுக்கு வார்த்தை கிடையாது. எனவே வார்த்தைகளைச் செய்துகொண்டார்கள். முகாமுக்கென்று ஓர் அகராதியே போட்டார்கள். பாலஸ்தீனத்தில் யாரும் உபயோகிக்காத ஒரு ஹீப்ரு பென்ஸில்வேனியாக் காட்டில் கோடைக்குக் கோடை புழங்கிற்று. நோம் சாம்ஸ்கி இளைஞனாக அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். மொழி மனிதனுக்குள் பிறப்பிலேயே இருக்கிறது என்று பிற்பாடு சொன்னவர், மொழியை வெளியிலிருந்து புகட்டப் படாதபாடு பட்ட ஓரிடத்தில் வேலை பார்த்திருக்கிறார்!

1945க்குப் பிறகு இதெல்லாம் விளையாட்டு இல்லாமல் போகிறது. அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்டுவிட்டார்கள். யித்திஷ் பேசிய ஊர்கள் இல்லை. ஐரோப்பாவில் தானாக விளைந்த ஒன்றை இனி இங்கே நட்டுத்தான் ஆகவேண்டும். 1947ல் விஸ்கான்ஸினில் ரமாஹ், 1952ல் அதே மாநிலத்தில் சீர்திருத்தப் பிரிவினரின் முகாம் என்று வரிசையாக வருகின்றன. 1959ல், உயிர் தப்பி வந்த பண்ட் இயக்கத்து சோஷலிஸ்டுகள் ஹெம்ஷெக் தொடங்கினார்கள். அந்த வார்த்தைக்குத் தொடர்ச்சி என்று அர்த்தம்.

ஹெம்ஷெக்கில் வருடத்துக்கொரு நாள் கெட்டோ தினம். வார்ஸா கெட்டோவின் எழுச்சி நடந்தது 1943 ஏப்ரலில். ஏப்ரலில் அமெரிக்கப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். எனவே எழுச்சி கோடைக்கு நகர்ந்தது. நீச்சலுக்கும் படகுக்கும் இடையில் ஒரு நாள் எல்லாம் நின்றுபோகும். பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும் பெரியவர்களில் சிலர் அந்தச் சுவருக்குள் இருந்தவர்கள். மத முகாம்களில் இதே இடத்தை திஷா பாவ் பிடித்துக்கொண்டது. ஜெருசலேம் கோயில் இரண்டு முறையும் இடிந்ததற்குத் துக்கம் காக்கும் உபவாச நாள் அது. ஜூலை, ஆகஸ்டில் வருவதால், பள்ளிநாட்களில் வரும் எந்தப் பண்டிகைக்கும் கிடைக்காத அதிர்ஷ்டம் அதற்குக் கிடைத்தது. வீட்டில் அதைக் கேள்விப்பட்டே இராத பிள்ளைகள் முகாமில் தரையில் உட்கார்ந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புலம்பல் ஆகமம் கேட்டார்கள். சந்தோஷத்துக்காகப் போன இடத்தில் ஆழமாகப் பதிந்தது ஓர் ஒப்பாரி.

இங்கேதான் எனக்கு இடறியது. இது அனுபவமா, அனுபவத்தின் ஒத்திகையா? பத்து வயதுப் பையனை இருட்டில் உட்காரவைத்து, பாட்டு முடியும் நேரம் பார்த்து மெழுகுவர்த்தி ஏற்றினால் அவன் அழுவான். சினிமாக்காரர்களுக்குத் தெரிந்த வித்தைதான். முதலில் இப்படித்தான் எழுத உட்கார்ந்தேன், நாலு பக்கம் எழுதியும் விட்டேன். ஆனால் முகாம் நினைவுகளைத் தொடர்ந்து படிக்கையில் அந்த நாலு பக்கம் நிற்கவில்லை. அவர்கள் பெரியவர்களின் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் சொல்கிறார்கள். விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் டார்ச், அடுத்த குடிலுக்குத் திருட்டுத்தனமாகப் போனது, மத்தியானக் கட்டாய ஓய்வில் வீட்டுக்கு எழுதிய பொய்க் கடிதம், முதல் காதல், கடைசி ராத்திரி ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதது. ஸாண்ட்ரா ஃபாக்ஸ் 2023ல் வெளியிட்ட ‘கோடையின் யூதர்கள்’ என்ற சரித்திர நூலும் இந்த இழுபறியைத்தான் விரிவாகக் காட்டுகிறது. யித்திஷ் முகாம்களிலேயே பிள்ளைகள் தங்களுக்குள் பெரும்பாலும் பேசியது இங்கிலீஷ். ஆனால் திருட்டு நடை போகும்போது வாயில் முணுமுணுத்த பாட்டு யித்திஷ். அர்த்தம் பாதிதான் தெரியும். கற்றுத்தந்தவர்கள் பாட்டைக் கொள்கைக்காகக் கற்றுத்தந்தார்கள். பிள்ளைகள் அதை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பொய்யாகத் தொடங்கியது நிஜமானது அந்தக் கைமாற்றத்தில்தான் என்று எனக்கு இப்போது படுகிறது. இலுப்பை மரத்தையும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணத்துக்காக நட்டிருப்பார்.

என் மகளுக்கு ஆறு வயது. தமிழ் பேசுவாள், படிப்பதென்றால் ஓடிவிடுவாள். கோடை லீவில் உட்காரவைத்துவிடலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். இன்னும் கைவிடவில்லை, ஆனால் அட்டவணை போட்ட தாளைக் கிழித்துவிட்டேன்.

கைமாற்றம் எப்போதும் நடந்துவிடும் என்றும் இல்லை. 1978 டிசம்பரில் ஐஸக் பாஷெவிஸ் ஸிங்கர் ஸ்டாக்ஹோமில் யித்திஷுக்காக நோபல் பரிசு வாங்கினார். அடுத்த கோடை பாய்பெரிக்குக்குக் கடைசிக் கோடை. 1979ல் மூடினார்கள். மஸாத் 1981ல் நின்றது. ஹெம்ஷெக்கும் அதே காலத்தில் முடிந்துபோயிற்று, தொடர்ச்சி என்ற பெயரோடு. பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்தபோது அவர்களை அனுப்ப வேறு முகாம்கள் இருந்தன, டென்னிஸும் கம்ப்யூட்டரும் சொல்லித்தருபவை. பாய்பெரிக்கின் குடில்களையும் ஏரியையும் ஓமேகா என்ற ஸ்தாபனம் வாங்கிற்று. நகரத்தில் களைத்தவர்கள் இப்போதும் கோடையில் அங்கே வருகிறார்கள். யோகா சொல்லித்தருகிறார்கள்.