கடல் கடந்து வந்த வாத்தியார்கள்



ஊரப்பாக்கத்தில் குடியிருப்பவன் நான். சென்னைக்குச் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், வண்டலூரும் பெருங்களத்தூரும் கடந்ததும் தாம்பரம் வந்துவிடும். நிலையத்தின் கீழ்ப்புறம் இறங்கினால் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் வாயிலை அடையலாம். உள்ளே புகுந்தவுடன் வெயிலின் கடுமை குறைகிறது. களாவும் காரையும் சூரையும் நிறைந்த பழைய புதர்க்காடு ஒருபுறம். மனிதர் நட்டு வளர்த்த பெருமரங்கள் மற்றொருபுறம். புள்ளிமான்களும் அங்கே உண்டு. ஓய்வு பெற்ற பின்னர் அங்கு உலாவி வருவது எனக்கு வழக்கமாயிற்று. அந்த மரங்களின் நிழலில் நடந்தபோது எழுந்த கேள்வியே இன்றைய பேச்சுக்குக் காரணம். தாய்நாட்டை விட்டு, மொழி அறியாத நாட்டிற்கு வந்து, பள்ளிக்கூடமும் கல்லூரியும் நடத்திய மிஷன் ஆசிரியர்கள் எந்த மகிழ்ச்சியைக் கொண்டு இங்கே நாட்களைக் கழித்தனர்?

அவர்களுடைய தொண்டைப் பற்றி நூல்கள் பல உண்டு. அவர்களுடைய நோக்கத்தைப் பற்றிய கண்டனங்களும் உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு. மதம் பரப்ப வந்தவர்கள் என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆயினும் தொண்டும் நோக்கமும் மட்டுமே ஒருவனை நாற்பது ஆண்டுகள் ஓர் ஊரில் இருத்திவிட மாட்டா. ஆசிரியர் வேலையில் ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் இதை நான் சொல்லத் துணிகிறேன். காலையில் எழுந்தவுடன் மனம் நாடுகின்ற சிறியதொரு இன்பம் இல்லாத வாத்தியார், மாற்றல் உத்தரவுக்கே காத்திருப்பார்.

எட்வர்ட் பார்ன்ஸ் என்பவரை எடுத்துக்கொள்வோம். அவர் அக்கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். ஆனால் அவருடைய உள்ளம் சோதனைக் குழாய்களோடு நின்றுவிடவில்லை, செடிகளில் ஊன்றியிருந்தது. விடுமுறை வந்தால் தென்னாட்டு மலைகளில் ஏறி இறங்குவார். காசித்தும்பை இனத்திலும், பாம்பின் படம்போன்ற மடலை உடைய அரிசீமா என்னும் இனத்திலும், அதுவரை அறிவியலார் அறியாதிருந்த செடிகளைக் கண்டு விவரித்து எழுதினார். அரிசீமா நம் சேனைக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் ஒரு வகைக்கு பிஷர் என்ற தாவர அறிஞர் பார்ன்ஸின் பெயரையே இட்டார். சம்பளம் வாங்கியது வேதியியலுக்கு. பெயர் நிலைத்தது பூவில். நம் பள்ளிக்கூடங்களிலும் இத்தகையோரை நான் கண்டிருக்கிறேன். கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டு கல்வெட்டுப் படிக்கப் போகிறவர்கள் உண்டு. தலைமை ஆசிரியர்கள் அவர்களைச் சற்று ஐயத்துடன் நோக்குவது வழக்கம். நானும் அவ்வாறு நோக்கியிருக்கிறேன், அது பிழை.

கல்லூரி முன்பு சென்னை நகருக்குள், உயர்நீதிமன்றத்திற்கு எதிரே நெருக்கடியான இடத்தில் இருந்தது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் கல்லூரி சேலையூர்க் காட்டில், 350 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் குடியேறியது. அந்நிலத்தில் எங்கே மரம் நடுவது, எங்கே காட்டைக் காடாகவே விட்டுவிடுவது என்பதில் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸ் அம்மையாரும் பெரிதும் உழைத்தனர். காட்டை முழுதும் வெட்டிவிட்டுப் பூந்தோட்டம் போடுவதே எளிய வழி. அவ்வாறு செய்யாததை நான் அறிவுடைமை என்பேன். 1941இல் பார்ன்ஸ் காலமானார். அவர் கண்டது மரக்கன்றுகளை. நிழலைக் காண்பவர்கள் நாம்.

இவருக்கு முற்பட்ட வில்லியம் மில்லர் வேறு வகையினர். 1838இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, 1862இல் தமது இருபத்துநான்காம் வயதில் சென்னைக்கு வந்தார். 1907 வரை இக்கல்லூரிக்கே உழைத்தார். மணம் செய்துகொள்ளவில்லை, கைப்பொருளையும் கல்லூரிக்கே செலவிட்டார். அவருடைய இன்பம் ஷேக்ஸ்பியர். மாணவர்களை எதிரே வைத்துக்கொண்டு நாடகங்களை அலசுவதில் அவருக்கு அலுப்பே தோன்றவில்லை. லியர் அரசன் கதையை இந்திய அரசியலோடு இணைத்து 1900இல் ஒரு நூலே வெளியிட்டார். பிரிட்டனின் பழங்கதை ஒன்றைச் சென்னை இளைஞர்களின் கண்கொண்டு திரும்பப் படிப்பது, எடின்பரோவில் இருந்தால் கிடைத்திராத சுவை அல்லவா?

மலைவாசமும் அவர்களது மகிழ்ச்சிகளில் ஒன்று. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனார் 1845இல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்களைக் கட்டினர். அது முதலில் உல்லாசத்திற்கு அன்று. காய்ச்சலுக்கும் சாவுக்கும் தப்பிப் பிழைப்பதற்கே. சமவெளியில் மனைவியையும் குழந்தையையும் புதைத்தவர்கள் அவர்களிடையே பலர். பழைய மிஷன் கல்லறைத் தோட்டங்களில் சிறிய கற்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் மனம் கலங்கும். குளிர்காற்றும், கணப்பு நெருப்பும், தம் ஊரை நினைவூட்டும் மூடுபனியும் அவர்களுக்கு அங்கே கிடைத்தன. பின்னர் 1863இல் ஏரியும் அமைந்தது. ஆனால் மோட்டார்ச் சாலை போடப்படும் முன்னர், அந்த மலைக்கு அம்மையாரும் குழந்தைகளும் ஏறியது நம்மவர் தோள்களில். டோலியும் நாற்காலியும் சுமந்த கூலிகளின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. இச்சிறு இன்பங்களைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது வரலாறு ஆகாது. தாம்பரத்துக் கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்த கைகளையும் இங்கேயே நினைத்துக்கொள்கிறேன்.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான இன்பம் ஒன்று உண்டு; முதலில் அது துன்பமாகவே இருந்திருக்கும். தமிழ் கற்பதைச் சொல்கிறேன். ழகரம் நாவில் ஏற மறுக்கும், ஒருநாள் ஏறிவிடும். அந்த ஒருநாளின் களிப்பை, தமிழைத் தாய்மொழியாகப் பெற்ற நாம் அறிய வழியில்லை. ஜி. யு. போப் அதை அறிந்தவர். 1820இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்து, 1839இல் தமிழ்நாட்டிற்கு வந்தவர். இராமானுசக் கவிராயரிடம் பாடம் கேட்டார். சாயர்புரத்திலும் தஞ்சையிலும் பணியாற்றினார். உதகையில் பள்ளி நடத்தினார். பின்பு பெங்களூர் சென்றார். பிரம்பைத் தாராளமாகக் கையாண்டவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. அதனை நான் புகழ மாட்டேன். தோடர் மொழிக்கும் சுருக்கமான இலக்கணம் ஒன்று எழுதினார். மேலதிகாரி எவரும் கேட்ட வேலையாக அது தோன்றவில்லை. அம்மொழியின் அமைப்பை அறிய ஆசை பிறந்தது; எழுதினார்.

இங்கிலாந்து திரும்பி ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்துக்கொண்டே 1886இல் திருக்குறளையும், 1893இல் நாலடியாரையும், 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இறுதியாகச் சொன்ன நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பது. இவ்வளவு பெரிய வேலையை முடிக்க ஆயுள் போதுமா என்று அவர் தயங்கியதுண்டு. பெருவேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பவன் நெடுநாள் வாழ்வான் என்ற பொருள்பட, பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட் அவரைத் தேற்றினார். 1893இல் ஜோவெட் மறைந்தார். போப் 1908 வரை வாழ்ந்தார்.

இந்த இடத்தில் நான் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். தம் கல்லறையில் தம்மைத் தமிழ் மாணவன் என்று பொறிக்குமாறு போப் கேட்டுக்கொண்டார், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது என்று நம் நாட்டில் சொல்லாதவர் இல்லை. வகுப்பில் நானும் பல ஆண்டுகள் அதைச் சொன்னேன்; கேட்ட பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்த்து மேலும் சொன்னேன். ஆக்ஸ்போர்டிலுள்ள செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்துக் கல்லில் அந்த வாசகம் இல்லை. என்னிடம் படித்தவர் எவரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அன்புகூர்ந்து திருத்திக்கொள்ளவும். அக்கல்லில் உள்ளது வேறு. அவரைத் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று அது குறிக்கிறது. ஆக்ஸ்போர்டில் அவர் வகித்த பதவிகள் அதன்பிறகே வருகின்றன. அந்தக் கல்லை நாட்டியவர்கள் அவருடைய குடும்பத்தாரும், தென்னிந்தியாவில் இருந்த அவருடைய தமிழ் நண்பர்களும் ஆவர்.