மேகமலை: மனித–சூழல் உறவு

தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்கே எழும் மலைத்தொகுதி. ஆங்கிலேயர் இட்ட பெயர் ஹைவேவிஸ். சின்னமனூரிலிருந்து கொண்டைஊசி வளைவுகளில் ஏறினால், மனிதர் காட்டை மாற்றிய விதம் கண்ணுக்கே தெரியும். தேயிலைக்கு வெயில் வேண்டும் என்பதால் சரிவுகள் மொட்டையடிக்கப்பட்டன. ஏலக்காய்க்கு நிழல் வேண்டும். அதனால் கீழ்ச்செடிகள் வெட்டப்பட்டாலும் பெருமரங்கள் தப்பின. ஏலத்தோட்டம் அரைக்காடு எனலாம், முழுக்காடு அல்ல.

தோட்டக்காரர்களே சில வேளை ஆய்வாளர்களும் ஆனார்கள். 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் இங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் பிடித்த வௌவால், சாதாரண இனம் எனத் தவறாகக் குறிக்கப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகச் சேகரிப்பில் கிடந்தது. 1972-இல்தான் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதைப் புதிய பேரினம் என்று கண்டு, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். இருபத்துநான்கு ஆண்டு தாமதம்!

மாற்றம் கீழேயும் நடந்தது. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வந்து கம்பம் பள்ளத்தாக்கை நெல்வயலாக்கியது. 2021-இல் மேகமலைப் பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. காப்பகம் வந்த பிறகும் மலைமேல் தேயிலைத் தோட்டங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் இருக்கின்றன; யானைகளும் அந்தத் தோட்டங்கள் வழியாகத்தான் நடக்கின்றன.