ருக்மாபாய் சொன்ன “மாட்டேன்”

1/ “புருஷன் வீட்டுக்குப் போ, இல்லைன்னா ஆறு மாசம் ஜெயில்.” 1887 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு 22 வயதுப் பெண்ணுக்குக் கொடுத்த உத்தரவின் சாரம் இதுதான். அவர் ஜெயிலுக்கே போறேன்னு சொன்னார். பெயர் ருக்மாபாய். பின்னாளில் டாக்டர் ருக்மாபாய். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ 11 வயதில் அவரை தாதாஜி பிகாஜி என்பவருக்குக் கட்டி வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு 19. ஆனால் ருக்மாபாய் அந்த வீட்டுக்கு வாழப் போகவே இல்லை. தாயோடும், தாயின் இரண்டாவது கணவர் டாக்டர் சகாராம் அர்ஜுனோடும் இருந்து படித்தார்.

3/ 1884-ல் தாதாஜி தாம்பத்திய உரிமையை மீட்டுத் தரச் சொல்லி வழக்குப் போட்டார். விவரம் தெரியாத வயசுல நடந்த கல்யாணம் என்னைக் கட்டுப்படுத்தாது என்பது ருக்மாபாய் தரப்பு.

4/ 1885-ல் நீதிபதி பின்ஹே ருக்மாபாய் பக்கம் தீர்ப்புச் சொன்னார். சேர்ந்தே வாழாதவர்களிடம் எதை மீட்பது? விருப்பமில்லாத பெண்ணை அனுப்பி வைப்பது கொடுமை இல்லையா?

5/ உடனே பெரும் எதிர்ப்பு. திலகரின் பத்திரிகைகள்கூட ருக்மாபாயைக் கடுமையாகச் சாடின. “நம்ம சாஸ்திரம் என்னாவது?” என்றார்கள். வேடிக்கை என்னன்னா, இந்த வழக்கு முறையே இங்கிலாந்து தேவாலயச் சட்டத்திலிருந்து வந்தது. இதற்காக ஜெயிலில் போடுவதை இங்கிலாந்தே 1884-ல் கைவிட்டுவிட்டது!

6/ மேல்முறையீட்டுக்குப் பிறகு வந்ததுதான் அந்த 1887 உத்தரவு. 1888-ல் தாதாஜி 2000 ரூபாய் வாங்கிக்கொண்டு சமரசத்துக்கு வந்தார். ருக்மாபாய் லண்டன் போய் மருத்துவம் படித்து, 1894-ல் தகுதி பெற்றார். சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டுகள் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1955-ல் மறைந்தார்.

7/ அதே காலத்தில் கல்கத்தாவில் பூல்மணி தாசி என்ற சிறுமி. வயது பத்து, பதினொன்று இருக்கும். முப்பது வயதைத் தாண்டிய கணவனின் உடலுறவால் ரத்தப்போக்கு ஏற்பட்டு இறந்துபோனாள். அன்றைய சட்டத்தில் சம்மத வயது 10. அதனால் அது வன்புணர்வே இல்லை என்றாகி, அவனுக்கு ஓராண்டுதான் தண்டனை. பிறகு 1891-ல் அந்த வயதை 12 ஆக்கினார்கள். அதற்கும் பெரிய போராட்டம்.

8/ ருக்மாபாயால் எப்படி மறுக்க முடிந்தது? துணிச்சல் மட்டும் இல்லை. திரும்பிப் போக ஒரு வீடு, ஆதரவான குடும்பம், படிப்பு, பக்கம் நின்ற சில பேர் இருந்தாங்க. பூல்மணிக்கு இதில் எதுவுமே இல்லை.

9/ இன்னைக்கும் பல பெண்கள் கேட்கிறது இதுதான்: “அவர் கூப்பிட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா டாக்டர்?” அடி இருக்காது. ஆனா மூணு நாள் பேசாம இருப்பார், வீட்டுச் செலவுக்குப் பணம் தர மாட்டார். அம்மாகிட்ட சொன்னா “அனுசரிச்சுப் போ”. பேசாம படுத்துட்டாங்க என்பது சம்மதம் ஆகாதுங்க. மறுத்தா எந்த விலையும் கொடுக்க வேண்டியதில்லை என்கிற இடத்தில்தான் “சரி”க்கு அர்த்தம் உண்டு.

10/ 18 வயதுக்கு உட்பட்ட மனைவியுடன் உறவு வன்புணர்வுதான் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 18-ஐத் தாண்டிய மனைவிக்கு அந்தப் பாதுகாப்பு இன்றைய புதிய குற்றவியல் சட்டத்திலும் இல்லை. ஆனால் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடங்கும். உதவிக்கு 181. உங்க மகளோ தங்கச்சியோ “மாட்டேன்”னு சொன்னா, முதல்ல ஏன்னு கேளுங்க. அனுசரிக்கச் சொல்லி திருப்பி அனுப்பாதீங்க.