கிராமின் வங்கி

வங்கதேசத்தில் நிலமற்ற ஏழைகளுக்கு ஈடு இல்லாமல் சிறுகடன் வழங்கும் வங்கி. தலைமையகம் டாக்கா. சிட்டகாங் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 1976இல் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கிய சோதனைத் திட்டமே இதன் தொடக்கம். வட்டிக்காரர்களிடம் சிக்கியிருந்த 42 பேருக்கு அவர் சொந்தப் பணத்திலிருந்து 27 டாலருக்கு இணையான தொகையைக் கொடுத்தார். 1983இல் தனிச் சட்டத்தின்கீழ் இது வங்கியானது.

செயல்முறை: ஐந்து பேர் ஒரு குழு, பல குழுக்கள் சேர்ந்தது ஒரு மையம். வங்கி ஊழியர் வாரந்தோறும் கிராமத்துக்கே சென்று, மையக் கூட்டத்தில் தவணையையும் சேமிப்பையும் வசூலிப்பார். கடன் பெறுவோரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பெண்கள். வங்கியின் பெரும்பான்மைப் பங்குகளும் கடன் பெறும் உறுப்பினர்களுடையவை. 1984 முதல் வீட்டுக்கடனும் வழங்கப்படுகிறது.

இவ்வங்கியும் யூனுஸும் 2006ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 2011இல் வயது வரம்பைக் காரணம் காட்டி, யூனுஸ் நிர்வாக இயக்குநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

மதிப்பீடு: இவ்வங்கியின் கடன் முறை பல வளரும் நாடுகளுக்குப் பரவியது. ஆனால் இந்தியா, மொராக்கோ, மெக்சிகோ உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வுகள், சிறுகடன் தொழில் முயற்சிக்கு உதவினாலும் குடும்ப வருமானத்தைப் பெரிதாக உயர்த்தவில்லை என்று கண்டன.