விலை காணாத வீடு

1885ஆம் ஆண்டில் புகைவண்டி நானுஓயாவை எட்டியது. அவ்வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களின் லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்தனர். அறை தோட்டத்தின் உடைமை. செக்ரோலில் பெயர் இருப்பதே அதற்கு வாடகை. குடியிருந்தவர் அதை விற்றதுமில்லை, வாங்கியதுமில்லை.

வீட்டு விலையின் ஏற்றத்தை அளப்போர் இங்கே திகைத்து நிற்பர். ஓராண்டு விற்பனைகளுக்குச் சராசரி காண்பது எளிய முறை. ஆயின், சென்ற ஆண்டு சிறு வீடுகளும் இவ்வாண்டு மாளிகைகளும் கைமாறினால், விலை ஏறாமலே சராசரி ஏறிவிடும்! இக்குறை நீங்க, ஒரே வீடு இருமுறை விற்ற விலைகளை ஒப்பிடும் முறையைப் பெய்லி, முத், நோர்ஸ் என்னும் மூவர் 1963இல் வகுத்தனர். அம்முறையால் ஐக்ஹோல்ட்ஸ் என்பார் ஆம்ஸ்டர்டாம் நகரின் ஹேரன்கிராக்ட் கால்வாய்க்கரை வீடுகளை 1628 முதல் 1973 வரை ஆராய்ந்து, 1997இல் வெளியிட்டார். பொது விலைவாசி உயர்வைக் கழித்தால், அத்துணை நெடுங்காலத்தில் வீட்டு விலை ஏறத்தாழ இருமடங்கே ஆகியிருந்தது. இடையில் விரித்துக் கட்டிய வீட்டையும் பழைய வீடாகவே கொள்வது இம்முறையின் குறை.

இலங்கை மத்திய வங்கியின் காணி விலைமதிப்பீட்டுக் குறிகாட்டியோ அரசாங்க விலைமதிப்புத் திணைக்களத்தின் மதிப்பீட்டைக் கொண்டது. அது கொழும்பு மாவட்டத்துக்கு உரியது.

விற்பனையும் மதிப்பீடும் அற்ற லயன் எக்கணக்கிலும் ஏறவில்லை. அண்மை ஆண்டுகளில் 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடுகள் எழுந்து வருகின்றன. காணி உறுதி கைக்கு வந்து, அவற்றுள் ஒன்று இருமுறை கைமாறிய பின்னரே, மூவர் வகுத்த கணக்கு அங்கே தொடங்க இயலும்.